ரப்பர் மரம் பாடுமா?

கெடா தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு ரப்பர் மரம் என்றதும் என்ன நினைவுக்கு வரும்? விடியற்காலை இருட்டு, நெற்றியில் விளக்கு, கையில் உளி, மங்கில் சொட்டும் பால். அந்த மரத்தின் பலகை என்ன நிறம் என்று கேட்டால் மூத்தவர்களில் பலர் யோசிப்பார்கள். அவர்கள் காலத்தில் ரப்பர் மரம் பலகையாகவில்லை. அது விறகு. லயத்து அடுப்புக்கும், ரப்பர் ஷீட்டை உலர்த்தும் புகைக்கூடத்துக்கும் போனது போக, மிச்சத்தை வெட்டிய இடத்திலேயே அடுக்கித் தீ வைத்தார்கள்.

அதே மரம் இன்று இசைக்கருவியாகிறது! இது எப்படி நடந்தது என்று தெரிந்துகொள்ள நேயர்கள் முதலில் ஒரு கிட்டாரைக் கையில் எடுக்க வேண்டும்.

கிட்டாரின் உயிர் அதன் மேற்பலகையில் இருக்கிறது. கம்பியின் அதிர்வை வாங்கி, தானும் அதிர்ந்து, காற்றை அசைப்பது அதுதான். ஆகவே அது லேசாக இருக்க வேண்டும். கம்பிகளின் இழுப்புக்கு வளையாத விறைப்பும் வேண்டும். ஐரோப்பாவில் காலங்காலமாக இதற்கு ஸ்புரூஸ் என்ற குளிர்நாட்டு மரத்தைத்தான் எடுத்தார்கள். 1960களின் நடுப்பகுதியில் ஸ்பெயின் நாட்டு மட்ரிட் நகரில் மூன்றாம் ஹோசே ராமிரெஸ் என்ற கிட்டார் கலைஞர் சிவப்புச் சீடார் மரத்துக்கு மாறினார். வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரம் வளரும் மரம் அது. பூர்வகுடி மக்கள் அதைக் குடைந்து படகு செய்தார்கள். பின்னால் வந்து குடியேறியவர்கள் அதை மெல்லிய பட்டைகளாகச் சீவி வீட்டுக் கூரையில் அடுக்கினார்கள். அப்படிப்பட்ட கூரை மரம்தான் கச்சேரி மேடைக்கு வந்தது. உலகப் புகழ்பெற்ற ஆந்த்ரேஸ் செகோவியாவே ராமிரெஸ் பட்டறைக் கிட்டார்களை வாசித்தவர்.

ஸ்புரூஸ் பலகை கனிந்து வர வருடங்கள் ஆகும் என்பார்கள். சீடாரோ வாங்கிய அன்றே வாய் திறந்து பேசும். ஒலியில் ஒரு கதகதப்பு இருக்கும். நகம் பட்டாலே தழும்பு விழும் என்பதுதான் அதன் குறை. வேடிக்கை என்னவென்றால், தாவரவியல் கணக்கில் இது சீடாரே இல்லை. லெபனான் நாட்டுச் சீடாரும் இமயமலைத் தேவதாருவும்தான் அந்த இனம். இதற்குப் பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது.

கிட்டாரைத் திருப்பிப் பார்த்தால் நம் ஊர்க் கதை ஒன்று தென்படும். பின்பலகைக்கு முன்பு பிரேசில் நாட்டு ரோஸ்வுட் மரத்தைத்தான் தேடுவார்கள். அது கிடைப்பது அரிதானதும், அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1969-இல் இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அதுதான் மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈட்டி மரம். வீணைக்கும் மிருதங்கத்துக்கும் தவிலுக்கும் பலா என்பது நேயர்கள் அறிந்ததே.

இனி ரப்பர் மரத்துக்கு வருவோம். 1877-இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்தவை 22 கன்றுகள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சுங்கைப்பட்டாணி, கூலிம், பீடோங் வட்டாரக் காடுகள் தோட்டங்களாயின. நட்டு ஆறேழு ஆண்டில் பால் வெட்டு தொடங்கும். இருபத்தைந்து, முப்பது ஆண்டில் பால் குறைந்துவிடும். பிறகு மறுநடவு. வெட்டிச் சாய்த்த மரத்தை ஏன் யாரும் பலகையாக்கவில்லை? அதன் கட்டையில் மாவுச்சத்து அதிகம். சாய்த்த சில நாட்களிலேயே பூஞ்சணம் பிடித்து நீலம் பாய்ந்துவிடும், வண்டு துளைக்கும். கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சி நிலையமும் மரத்தொழில் துறையினரும் இதற்கு வழி கண்டார்கள். அறுத்த கையோடு பலகையை இரும்பு உருளைக்குள் வைத்து, போரான் உப்புக் கரைசலை அழுத்தி ஏற்றி, சூளையில் உலர்த்துவதுதான் அந்த வழி. 1980களில் ரப்பர் பலகை மேசை, நாற்காலியாகக் கப்பலேறியது. வெளிநாட்டில் அதற்கு 'மலேசிய ஓக்' என்று பெயர் சூட்டினார்கள். விறகுக்கு வந்த வாழ்வு!

இங்கேதான் ஒரு விஷயம் நெருடுகிறது. மரத்துக்கு விலை வந்த அதே ஆண்டுகளில்தான் அதன் நிழலில் வாழ்ந்தவர்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். தோட்டங்கள் செம்பனைக்கு மாறின. சில வீடமைப்புத் திட்டங்களாயின. பிள்ளைகள் சுங்கைப்பட்டாணி, கூலிம் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். பால்வெட்டுத் தொழிலாளியின் கூலி ரப்பர் விலையோடு ஏறி இறங்கியது. பலகை விலைக்கும் அதற்கும் தொடர்பில்லை. மரம் நிலத்தோடு சேர்ந்தது, நிலம் கம்பெனியுடையது. மூன்று தலைமுறையாக ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் காயம் படாமல் சீவி வளர்த்த கைகளுக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. தங்கள் சொந்த ஏக்கரில் மரம் வெட்டிய சிறுதோட்டக்காரர்களுக்கு மட்டும் அந்தப் பணம் கைக்கு வந்தது. பாலிங், சிக் பக்கம் அப்படிப்பட்டவர்கள் இன்றும் நிறையவே இருக்கிறார்கள்.

சரி, ரப்பர் மரம் கிட்டாருக்கு மேற்பலகையாகுமா? ஆகாது என்றே சொல்ல வேண்டும். சீடார் ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 370 கிலோ. ரப்பர் மரமோ 560 முதல் 650 கிலோ வரை நிற்கும். அந்தப் பாரத்தை ஒரு நரம்பின் அதிர்வு எளிதில் அசைத்துவிடாது. ஆனால் மேளத்தின் கதை வேறு. அங்கே பாடுவது தோல். உடல் அசையாமல், இறுக்கமாக நின்று அந்த ஒலியைத் திருப்பித் தந்தால் போதும். அந்த வேலைக்கு ரப்பர் மரத்தின் கனம் நல்லதே.

தாய்லாந்துக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். கொங்கா, போங்கோ என்ற லத்தீன் அமெரிக்க மேளங்களை அங்கே ரப்பர் மரத்தில் செய்கிறார்கள். ஜெர்மனியின் மெய்ன்ல் நிறுவனம் அவற்றை உலகெங்கும் விற்கிறது. பால் வற்றி வெட்டப்படும் மரம் என்பதால் காட்டை அழிக்காத மரம் என்ற பெருமையும் சேர்ந்துகொண்டது. அந்த மேளங்களின் விளம்பரங்களில் இதே மரத்துக்கு 'சயாம் ஓக்' என்றும் ஒரு பெயர் உண்டு. கெடாவும் 1909 வரை சயாமின் ஆதிக்கத்தில் இருந்ததுதானே!

நம் ரப்பர் ஆராய்ச்சிக் கழகமும் சும்மா இருக்கவில்லை. பாலும் தரும், பருத்த கட்டையும் தரும் புதிய ரகங்களை 1990களில் 2000 வரிசை என்று வெளியிட்டது. இப்போது கன்று நடும்போதே பாலோடு பலகையையும் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள்.