யார் தப்பு என்று கேட்காத சட்டம்



வேலையில் அடிபட்டவனுக்குத் துணை நிற்பது முதலாளியின் கருணையா, சட்டமா? இதுதான் தலைப்பு. சட்டமே என்று பேச வந்திருக்கிறேன். எனக்கு முன்னால் பேசிய சகோதரி மனுநீதிச் சோழனை இழுத்துக்கொண்டு வந்து மேடையில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார். ஒரு கன்றுக்குட்டிக்காகப் பெற்ற பிள்ளையையே தேர்க்காலில் இட்டானே, எந்தச் சட்டம் அவனை அப்படிச் செய்யச் சொன்னது, கருணைதானே என்று கேட்டார். கைதட்டல் வாங்கினார். நானும் தட்டினேன். ஆனா ஒண்ணு கேக்கிறேம்மா. கன்று செத்தது ராஜாவுக்கு எப்படித் தெரிஞ்சுது? பசு வந்து மணியை அடிச்சுது. அடிச்ச பிறகுதான் தெரிஞ்சுது. கருணையுள்ள ராஜாதான், நான் மறுக்கவில்லை. ஆனால் அரண்மனை வாசலில் ஒரு மணி தொங்கியதே, யார் வேண்டுமானாலும் வந்து இழுக்கலாம் என்று ஒரு கயிறு தொங்கியதே, அதற்குப் பேர் கருணை இல்லை. அது ஏற்பாடு. விபத்துக்கு முதல் முதலில் மனுப் போட்டது யாரு? ஒரு பசுமாடு! (சிரிப்பு)

அந்த மணி இல்லாத ஊரில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், கேளுங்கள்.

1835-ஆம் ஆண்டு. இங்கிலாந்தில் பீட்டர்பரோ என்று ஒரு ஊர். ஃபவுலர் என்று ஒரு கசாப்புக்கடைக்காரர். அவரிடம் வேலை பார்த்தவர் பிரீஸ்ட்லி. வண்டி கொள்ளாத அளவுக்கு இறைச்சியை ஏற்றி, இவரையும் கூடவே அனுப்பினார் முதலாளி. பாரம் தாங்காமல் வண்டி நொறுங்கியது. பிரீஸ்ட்லிக்குத் தொடை எலும்பு முறிந்தது, தோள் மூட்டு நழுவியது. வழக்குப் போட்டார். ஜூரிகள் மனசு இரங்கி 100 பவுண்டு கொடுக்கச் சொன்னார்கள். 1837-இல் மேலே இருந்த நீதிமன்றம், லார்ட் அபிங்கர் தலைமையில், அதைத் தள்ளிவிட்டது. காரணம் என்ன சொன்னாரு தெரியுங்களா? இவனுக்குக் கொடுத்தால் இது எங்கே போய் நிற்கும்? வேலைக்காரி ஈரப் படுக்கையை விரித்து, அதில் படுத்த வேலைக்காரனுக்கு உடம்புக்கு வந்தால் அதற்கும் எஜமான் அழ வேண்டியிருக்குமே என்று கவலைப்பட்டார். கால் ஒடிஞ்சவனைப் பத்திக் கவலை இல்லை. இன்னும் படுக்கையே விரிக்காத எஜமானைப் பத்திக் கவலை!

அடுத்த தீர்ப்பு அமெரிக்காவில், மாசசூசெட்ஸ் மாநிலத்தில், 1842-இல். ஒரு ரயில் இன்ஜின் டிரைவர். தண்டவாளம் மாற்றிவிடுகிற ஊழியர் தவறாக மாற்றி வைத்துவிட்டார். இன்ஜின் தடம் புரண்டது. டிரைவரின் வலது கை போய்விட்டது. தலைமை நீதிபதி ஷா சொன்னதன் சாரத்தை நம்ம தமிழில் சொன்னால் இதுதான்: உனக்கு நாள் கூலி இரண்டு டாலர். ஆபத்தான வேலை என்பதால்தான் கூடுதலாகக் கொடுத்தார்கள். கூலியை வாங்கியபோதே ஆபத்தையும் வாங்கிக்கொண்டாய். தவிர, தப்புப் பண்ணினது கம்பெனி இல்லை, உன் கூட்டாளி. அவனைப் போய்க் கேள்.

கூட்டாளிகிட்ட என்ன இருக்கும் கேக்கறதுக்கு?

இப்படித் தொழிலாளிக்கு எதிராக மூன்று பூட்டுப் போட்டார்கள். கூட வேலை செய்பவன் தப்பு என்றால் காசு இல்லை. ஆபத்து தெரிந்தே சேர்ந்தாய் என்றால் காசு இல்லை. உன் தப்பும் கொஞ்சம் உண்டு என்றால் காசு இல்லை. இந்த மூன்று பூட்டையும் உடைக்கலாம், ஆனால் அதற்கு வக்கீல் வைக்க வேண்டும், அவருக்குக் கொடுக்கவும் காசு இல்லை! எல்லாப் பூட்டுக்கும் அடியில் இருந்தது ஒரே கேள்விதான். யார் தப்பு? அந்தக் கேள்வியைக் கேட்கிற வரைக்கும் தொழிலாளி ஜெயிக்க முடியாது. ஏனென்றால் ஆலை என்பது ஆயிரம் கை சேர்ந்து இயங்குகிற இடம். அதில் எந்தக் கையின் பிசகு என்று கண்டுபிடிப்பது, கடலில் எந்த அலை படகைக் கவிழ்த்தது என்று தேடுவது மாதிரி.

அந்தக் கேள்வியையே தூக்கி எறிந்தது ஜெர்மனி. 1884-இல் பிஸ்மார்க் விபத்துக் காப்பீட்டுச் சட்டம் கொண்டுவந்தார். எதிரணித் தம்பி சிரிக்கிறார். பார்த்தீர்களா, பிஸ்மார்க்கின் கருணை என்று சொல்லப்போகிறார். தம்பி, அவசரப்படாதீங்க. அந்த மனிதர் 1878-இல் சோஷலிஸ்ட் கட்சியைத் தடை செய்தவர். தொழிலாளி அந்தப் பக்கம் போய்விடக் கூடாதே என்று போட்ட கணக்கு இது. கருணை இல்லை, கணக்கு. ஆனா நல்ல கணக்கு! வேலையில் அடிபட்டானா? முதல் 13 வாரம் நோய்க்காப்பு நிதி பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு, முழுசாக முடங்கிப்போனவனுக்குக் கூலியில் மூன்றில் இரண்டு பங்கு. பணம் போடுவது முதலாளிகள் சங்கம். யார் தப்பு என்று யாரும் கேட்கவில்லை. வேலையில் நடந்ததா என்று மட்டும் கேட்டார்கள்.

இங்கிலாந்து 1897-இல் அந்த வழிக்கு வந்தது. ஜோசப் சேம்பர்லின் பின்னால் நின்று நிறைவேற்ற வைத்த சட்டம். ரயில்வே, ஆலை, சுரங்கம் மாதிரி ஆபத்தான தொழில்களுக்கு மட்டும் முதலில். முடங்கியவனுக்கு வாரக் கூலியில் பாதி, அதுவும் ஒரு பவுண்டுக்கு மேல் போகக் கூடாது. தாராளம் என்று சொல்ல முடியாது. இது ஒரு பேரம். தொழிலாளி முழு நஷ்டத்தையும் கேட்டு வருஷக்கணக்கில் வழக்காடுவதை விட்டுக்கொடுத்து, குறைவாக, ஆனால் நிச்சயமாக வாங்கிக்கொண்டான். வேலையின் காரணமாகவும் வேலையின்போதும் ஏற்பட்ட விபத்து என்று அந்தச் சட்டம் எழுதி வைத்த சொற்றொடர்தான் பிறகு நம் ஊர் வரைக்கும் வந்தது.

அமெரிக்காவில் நடந்ததைக் கேட்டால் நெஞ்சு பதறும். நியூயார்க் மாநிலம் 1910-இல் இழப்பீட்டுச் சட்டம் போட்டது. தப்பே செய்யாத முதலாளியிடம் பணம் பிடுங்குவது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று மாநில உயர்மட்ட நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது. தீர்ப்பு நாள் 1911 மார்ச் 24. மறுநாள், மார்ச் 25, அதே நியூயார்க்கில் டிரையாங்கிள் சட்டைக் கம்பெனியில் தீப்பிடித்தது. பூட்டிய கதவுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டும், மாடியிலிருந்து குதித்தும் 146 பேர் செத்தார்கள். பெரும்பாலும் இளம்பெண்கள். முதலாளிகள் கிரிமினல் வழக்கில் விடுதலை ஆனார்கள். சிவில் வழக்குகள் 1914-இல் சமரசத்தில் முடிந்தன. ஓர் உயிருக்கு 75 டாலர். அம்மா, கருணை என்று சொன்னீர்களே, அதன் விலை அன்றைக்கு 75 டாலர். பிறகு நியூயார்க் தன் அரசியல் சாசனத்தையே திருத்தி 1914-இல் சட்டத்தைக் கொண்டுவந்தது.

நம் நாட்டுக்கு வருவோம். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923-இல் நிறைவேறி, 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2009-இல் திருத்தம் செய்து பணியாளர் இழப்பீட்டுச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டம் 2020-இல் நிறைவேறி, 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்தபோது பழைய சட்டம் அதற்குள் கரைந்தது. பேர் போச்சு, ஆள் இருக்கார். வீட்டிலிருந்து வேலைக்குப் போகும் வழியில் நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், இப்போது கணக்கில் வரும். நான் இனிமேல் சொல்வது 1923-ஆம் ஆண்டுச் சட்டம் போட்டுத் தந்த பாதை.

அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையை ஒருமுறை படித்துப் பாருங்கள். வயிறு கலங்கும். கட்டைவிரல் போனால் 30 சதவீதம். ஆள்காட்டி விரல் 14. நடுவிரல் 12. சுண்டுவிரல் 7. ஒரு கண் 40. ஒரு கை 60. ஆண்டவன் கொடுத்த உறுப்புக்கு விலைப்பட்டியலா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் பட்டியல் இல்லாத காலத்தில் விரலின் விலை முதலாளி அன்றைக்கு இருக்கும் மூடைப் பொறுத்தது. ஏகலைவன் கதை தெரியுமே. கட்டைவிரலைக் கேட்டு வாங்கினார் துரோணர். இந்தச் சட்டம் இருந்திருந்தால் 30 சதவீதம் வைக்கச் சொல்லலாம். ஆனா துரோணர் என்ன சொல்லுவார்? இவன் என் மாணவனே இல்லை, நான் இவனைச் சேர்த்துக்கவே இல்லைன்னு சொல்லுவார். அதாவது, மஸ்டர் ரோலில் பேர் இல்லை! (கைதட்டல்)

சிரிக்கிறீர்கள். ஆனால் அடிபட்டவன் மனுப் போட்டதும் முதலாளி எழுதும் முதல் வரி அதுதான். இவர் எங்க ஆளே இல்லை. அதனால்தான் சொல்கிறேன், விபத்து நடந்த அன்றைக்கே வேலையைத் தொடங்க வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது எந்தக் கம்பெனியில், எந்த மெஷினில், எத்தனை மணிக்கு என்று ஏ.ஆர். புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். படியில் வழுக்கி விழுந்தான் என்று யாராவது கூட வந்தவர் சொல்லிவிட்டால், பிறகு ஆயிரம் சாட்சி வைத்தாலும் அதை அழிப்பது கஷ்டம். முதலாளிக்கு எழுத்தில் அறிவிப்புக் கொடுங்கள், தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கும் வயசுக்கும் ஆதாரம் வேண்டும், ஏனென்றால் கணக்கே அந்த இரண்டில்தான். 40 வயசு, மாதம் 10,000 ரூபாய் சம்பளம், முழு ஊனம் என்று வையுங்கள். சம்பளத்தில் 60 சதவீதம், அதாவது 6,000. நாற்பது வயசுக்குச் சட்டம் கொடுத்த காரணி 184.17. பெருக்கினால் 11,05,020 ரூபாய். கட்டைவிரல் மட்டும் என்றால் அதில் 30 சதவீதம், 3,31,506. மரணம் என்றால் 60-க்குப் பதில் 50 சதவீதம். செத்தவனுக்கு ஏன் குறைச்சல் என்று கேட்பீர்கள். இருக்கிறவன் சாப்பிட வேண்டுமே!

மனுவை 2 ஆண்டுக்குள் ஆணையரிடம் கொடுக்க வேண்டும் என்று 1923 சட்டம் கெடு வைத்தது. தமிழ்நாட்டில் தொழிலாளர் துணை ஆணையரே அந்த ஆணையராக உட்கார்ந்து விசாரித்து வந்தார். வக்கீல்தான் வரவேண்டும் என்பதும் இல்லை, பதிவு பெற்ற தொழிற்சங்கத்துக்காரர் நின்று பேசலாம். காண்டிராக்டர் ஆள் என்று தட்டிக்கழித்தால், காண்டிராக்ட் கொடுத்தவரையே கேட்கலாம். சம்பளத்தில் இ.எஸ்.ஐ. பிடிப்பவர்களுக்கு மட்டும் வழி வேறு. அவர்கள் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் காட்டிய வழியில் இ.எஸ்.ஐ. அலுவலகத்தில்தான் கேட்க வேண்டும், இரண்டு இடத்திலும் வாங்க முடியாது.

எனக்குத் தெரிந்த ஒரு மாணவனின் தகப்பனார் அச்சாபீஸில் கட்டிங் மெஷினில் வேலை பார்த்தவர். இரண்டு விரல் போயிற்று. முதலாளி கெட்டவர் இல்லை. அவரே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். தீபாவளிக்கு வேட்டி சட்டை எடுத்துக் கொடுத்தார். கூடவே ஒரு தாளில், இனி எந்தப் பாத்தியதையும் இல்லை என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். பையன் அழுதுகொண்டு வந்தான். உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதி வாங்கினாலும் அது செல்லாது என்று 1923 சட்டத்தின் 17-ஆவது பிரிவிலேயே இருக்கிறது, போடுப்பா மனு என்றேன். இரண்டு விரலுக்கு 20 சதவீதம். விரல் வரவில்லை. பணம் வந்தது. வேட்டி சட்டை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை நடுவர் அவர்களே, வேட்டி சட்டையை வாங்கிக்கொண்டு மனுவையும் போடு என்கிறேன்.

இறந்தவர் வீட்டிலும் இதுதான் நடக்கும். பதினாறாம் நாள் காரியத்தில் ஒரு கவரைக் கொடுத்துப் போட்டோ எடுத்துக்கொள்வார்கள். சட்டம் அதை ஒப்புக்கொள்ளவில்லை. மரணத்துக்கான இழப்பீட்டை ஆணையரிடம்தான் கட்ட வேண்டும் என்றது. கையில் கொடுத்த முன்பணத்தில் மூன்று மாதச் சம்பளம் வரைக்கும்தான் கழிக்கலாம். பெண்ணின் கையில் கொடுத்த பணத்தை மைத்துனன் பிடுங்கிக்கொண்டு போவான் என்பது தெரிந்தவன் எழுதிய சட்டம் அது.

நடுவர் மணியை அடிக்கிறார். இதோ முடிக்கிறேன் ஐயா, ஒரு வழக்கு பாக்கி இருக்கிறது.

ஒடிசாவில் ஒரு தச்சர். 1968-இல் ஒரு சினிமாக் கொட்டகையில் அலங்கார வேலை செய்யும்போது விழுந்து இடது கை போயிற்று. ஒரு கை போனால் பட்டியல்படி பகுதி ஊனம்தானே என்று வாதாடினார் முதலாளி. வலது கை இருக்கிறதே என்றார். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 1975-இல் தீர்ப்பு. உளியைப் பிடிக்க ஒரு கை, கொட்டாப்புளியைப் பிடிக்க ஒரு கை, ஒற்றைக் கையால் தச்சு வேலை பார்க்க முடியுமா? ஆகவே இது முழு ஊனம், 100 சதவீதம் என்று ஆணையர் சொன்னது சரியே என்றார்கள். பணம் தீர்ப்பு வந்த நாளிலிருந்து இல்லை, விபத்து நடந்த நாளிலிருந்தே கொடுக்கப்பட வேண்டியது என்றும் சொன்னார்கள். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் வட்டி, அதற்கு மேல் 50 சதவீதம் வரை அபராதம் என்ற பிரிவு அதனால்தான் பல்லோடு இருக்கிறது.

கடைசியாக ஒன்று. பல வருஷம் வரைக்கும் விபத்து எந்த ஊரில் நடந்ததோ அந்த ஊரில்தான் மனுப் போட வேண்டியிருந்தது. பம்பாயில் சாரத்திலிருந்து விழுந்து செத்தவனின் மனைவி, விழுப்புரத்திலிருந்து பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாஷை தெரியாத ஊருக்கு ரயில் ஏற வேண்டும். 1995-இல் அதைத் திருத்தினார்கள். அவள் எங்கே குடியிருக்கிறாளோ அங்கேயே மனுக் கொடுக்கலாம் என்று ஆயிற்று. நேற்று இந்த அரங்கத்துக்குப் பந்தல் போட வந்த பிள்ளைகள் பீகாரிலிருந்து வந்தவர்கள். அவர்கள் வீட்டுக்கும் இது பொருந்தும்.