‘சார்த்தப்பட்டது’ என்னும் சொல்லின் விலை

எல்.எஸ். லௌரி (1887–1976) மான்செஸ்டரில் ஒரு சொத்து நிறுவனத்துக்காக வீடுவீடாகப் போய் வாடகை வசூலித்தவர். 1952-இல் ஓய்வு பெறும்வரை அந்த வேலையை விடவில்லை. ஆலைப் புகைபோக்கிகளையும் தீக்குச்சிபோல் மெலிந்த மனிதர்களையும் வரைந்து பெயர் பெற்றார். கையில் கிடைத்த கடித உறையின் பின்புறத்திலும் கிறுக்குவார். கேட்டவர்களுக்குக் கொடுத்தும் விடுவார். போலி வரைபவனுக்கு இந்த வாழ்க்கைக் குறிப்பே முதல். “எங்கள் பாட்டி வீட்டுக்கு வாடகை வாங்க வந்தவர் கொடுத்தது” என்ற கதையைப் பொய்யென்று காட்டுவதும் அரிது, மெய்யென்று காட்டுவதும் அரிது.

இக்கட்டுரை போலி வரைபவனைப் பற்றியதன்று. கையில் ஒரு பென்சில் படம், மூலையில் லௌரியின் பெயர், சான்று ஏதுமில்லை என்ற நிலையில் அதை விற்க முனைபவரைப் பற்றியது. “நான் உறுதி சொல்லவில்லையே” என்று அவர் சொல்வது போதுமான நேர்மையா?

எண்ணெய் ஓவியமென்றால் ஆய்வுக்கூடம் ஓரளவு உதவும். டைட்டானியம் வெள்ளை 1920-ஐ ஒட்டித்தான் கடைக்கு வந்தது. அதற்கு முந்தைய தேதியிட்ட படத்தின் அடிப்பூச்சில் அது இருந்தால் கேள்வி எழும். பென்சில் படத்தில் இருப்பதோ கரியும் தாளும்தான். 1978-இல் பழைய ஓவியர்களின் பெயரில் போலி வரைந்த எரிக் ஹெபார்னின் படங்கள் ஐயத்துக்கு உள்ளானதற்குத் தாளே காரணம்: வெவ்வேறு ஓவியர்களுடையவை எனப்பட்ட இரண்டு பழைய படங்கள் ஒரே வகைத் தாளில் இருந்தன. ஐந்நூறு ஆண்டுத் தாள் கிடைப்பது அரிது என்பதால் அங்கே அகப்பட்டார். 1950-களின் தாளுக்கு அந்த அருமை இல்லை. பழைய கணக்குப் புத்தகத்தின் எழுதாத பக்கம் ஒன்று போதும்.

ஆகவே எல்லாம் கண்ணின் தீர்ப்புக்கே திரும்புகிறது. லௌரியின் கோடு குழந்தைத்தனமானது என்பது பாமர எண்ணம். ஓவியர் அடால்ஃப் வலெட்டிடம் முறையாகப் பயின்ற கை அது. என் கணிப்பில், போலிகள் அவருடைய மனிதர்களைப் பிடித்துவிடுகின்றன. மனிதர்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்தைப் பிடிப்பதில்லை. ஆனால் இது கணிப்புதான். நீதிமன்றத்தில் இதற்கு எவ்வளவு எடை என்பது வேறு.

ஏலப் பட்டியல்கள் இந்த இடத்தில் ஒரு நுண்மொழியை வளர்த்திருக்கின்றன. ஓவியரின் பெயர் மட்டும் நின்றால் அவர் வரைந்தது. ‘சார்த்தப்பட்டது’ என்றால் அவருடையதாக இருக்கலாம். ‘பாணியில்’ என்றால் அவருடையதன்று. ‘கையொப்பமிட்டது’ என்பதும் ‘கையொப்பம் காணப்படுகிறது’ என்பதும் ஒன்றல்ல. இரண்டாவது, அந்தக் கையொப்பம் வேறொருவர் இட்டது என்பதன் மரியாதையான வடிவம். இம்மொழி அறிந்தவர்க்கு எச்சரிக்கை, அறியாதவர்க்கு அழைப்பு. (பிற்காலப் பாடல்களை ஔவைக்கும் அகத்தியருக்கும் சார்த்திப் பழகிய நமக்குச் சார்த்துதல் புதிதன்று. ஆனால் ஔவை பெயரால் பாடியவர் அதற்கு விலை சொல்லவில்லை.)

இங்கிலாந்துச் சட்டம் இதில் இரண்டு பக்கமும் இழுக்கிறது. 1984-இல் லண்டன் வணிகர் ஒருவர் ஜெர்மன் ஓவியர் கேப்ரியேல் மூன்டரின் பெயர் தாங்கிய படத்தை வேறொரு வணிகருக்கு 6,000 பவுண்டுக்கு விற்றார். அது போலி. வாங்கியவர் வழக்குத் தொடுத்துத் தோற்றார். விற்றவர் தமக்கு அந்தத் துறை தெரியாது என்று முன்பே சொல்லியிருந்தார். வாங்கியவரோ அத்துறையிலேயே வணிகம் செய்பவர். ஆகவே அவர் நம்பியது தம் கண்ணையே என்றது மேல்முறையீட்டு நீதிமன்றம். மூவரில் ஒரு நீதிபதி உடன்படவில்லை. விற்பவர்கள் இத்தீர்ப்பைக் கவசமாக எடுத்துக்கொள்வது பிழை. அது அறியாத விற்பனையாளருக்கும் அறிந்த வாங்குநருக்கும் இடைப்பட்டது. லௌரி வரைந்த சால்ஃபோர்டு தம் தாத்தாவின் ஊர் என்பதால், அதன் நினைவாக ஒரு லௌரி வேண்டுமென்று வாங்குகிறவருக்கு அது பொருந்தாது. மறுபக்கம், 2006-ஆம் ஆண்டின் மோசடிச் சட்டம், ஒரு கூற்று பொய்யாக இருக்கக்கூடும் என்று அறிந்தே, ஆதாயம் கருதி, நேர்மையின்றிச் சொல்வதையும் குற்றத்துக்குள் கொண்டுவருகிறது. உறுதியாக அறிந்திருக்க வேண்டும் என்பதில்லை.

ஆனால் சட்டம் தொடாத ஒரு மறைவிடம் உண்டு. என் வாதம் அங்கேதான். ‘சரிபார்க்கப்படாதது’ என்ற ஒரே சொல் இரண்டு நிலைகளை மூடுகிறது. யாரிடமும் காட்டாத படம் ஒன்று. காட்டி, மறுக்கப்பட்டு, எடுத்துவந்த படம் மற்றொன்று. மறுப்புத் தாளில் தழும்பு வைப்பதில்லை. ஓர் ஏல நிறுவனம் ‘வேண்டாம்’ என்று தலையசைத்த படம் அடுத்த மாதம் வேறு ஊரில் கன்னி நிலத்தைப்போல் வந்து நிற்கும். உடைமை வரலாற்றையும் நம்புவதற்கில்லை. ஜான் டுரூ, டேட் காட்சியகத்தின் ஆவணக் காப்பகத்திலேயே போலித் தாள்களைச் செருகி, ஜான் மையட் வரைந்த, ஓவியர் பென் நிக்கல்சன் பெயரிலான போலிகளுக்கும் பிறவற்றுக்கும் வரலாறு உண்டாக்கினார். 1999-இல் இருவரும் தண்டிக்கப்பட்டனர்.

எதிர்வாதம் உண்டு, அது வலுவானதும்கூட. லௌரி இறந்த பிறகுதான், பொம்மைபோல் இறுக்க உடையணிந்த பெண்களை அவர் வரைந்து ஒளித்திருந்த படங்கள் வெளிவந்தன. யாரும் எதிர்பாராதவை அவை. சான்றில்லாததையெல்லாம் ஒதுக்கினால் மெய்யானவையும் ஒதுங்கும். ஐயமான படத்தை, ஐயமென்று தெரிந்தே ஒருவர் துணிந்து வாங்குவதில் என்ன தவறு? ஒன்றுமில்லை, இருவர் முன்னும் ஒரே சீட்டுகள் விரிந்திருந்தால். ஆனால் விற்பவர் சொல்லும் விலை தானே ஒரு கூற்று. லௌரியின் ‘போட்டிக்குப் போகிறார்கள்’ ஓவியம் 1999-இல் 19 லட்சம் பவுண்டுக்கும் 2022-இல் 78 லட்சம் பவுண்டுக்கும் போன சந்தையில், ஒரு கிறுக்கலுக்குச் சில நூறு பவுண்டு கேட்பவர், வாயால் ‘தெரியாது’ என்று சொல்லிக்கொண்டே விலையால் ‘இருக்கலாம்’ என்கிறார். லௌரியே இல்லையென்றால் அந்தத் தாளுக்கு அந்த விலை ஏது?

பட்டியலில் இப்படி எழுதலாம்: “பென்சில், தாள். வலக் கீழ்மூலையில் லௌரியின் பெயர் எழுதப்பட்டிருக்கிறது. எழுதியவர் யாரெனத் தெரியாது. எங்களுக்கு வந்தது வீட்டுச் சாமான் விற்பனையிலிருந்து. இரண்டு இடங்களில் காட்டினோம், இரண்டிலும் ஏற்கவில்லை.” இப்படி எழுதினால் கண்ணாடிச் சட்டத்தின் விலைதான் தேறும் என்று விற்பவர் முறையிடுவார். கண்ணாடி நல்லதாக இருந்தால் அது நியாயமான விலை.