பானையில் போட்ட பெயரும் பதிவேட்டில் ஏறிய பெயரும்

போலீஸ் வேலைக்கு எழுத்துத் தேர்வும் ஓட்டமும் கயிறும் தாண்டி வந்த பையன், சோழவந்தான் பக்கமானாலும் வாடிப்பட்டிப் பக்கமானாலும், கடைசியாக அஞ்சுவது வெரிபிகேஷனுக்குத்தான். "பையன் மேல கேஸ் ஏதும் இருக்கா?" என்று ஊருக்குள் விசாரிப்பார்கள். பொதுக் காரியத்துக்கு வருகிறவனின் பின்புலத்தைத் துருவுவது நேற்று வந்த வழக்கமில்லை. ஆயிரம் ஆண்டுக்கும் மேற்பட்டது.

வைகைக்கரைச் சோழவந்தான், கல்வெட்டுகளில் பாகனூர்க் கூற்றத்துச் சோழாந்தகச் சதுர்வேதிமங்கலம். சதுர்வேதிமங்கலம் என்றாலே பிராமணர் சபை ஆண்ட ஊர். அப்படிப்பட்ட சபையில் யார் உட்காரலாம் என்று பாண்டிய நாட்டிலேயே விதி வெட்டி வைத்திருக்கிறார்கள். திருநெல்வேலிச் சீமை மானூரில், ஏறத்தாழ பொ.ஆ. 800ஐச் சேர்ந்த, பாண்டியன் மாறஞ்சடையன் காலக் கல்வெட்டு அது. நிலப்பங்கு இருந்தால் மட்டும் போதாது, கல்வியும் நன்னடத்தையும் வேண்டும் என்கிறது. சபையில் எது பேசினாலும் 'அன்று, அன்று' என்று குறுக்கே நிற்பவனுக்கு ஐந்து காசு தண்டம். இன்றைய மன்றக் கூட்டங்களில் இதை வசூலித்தால் வரியே போட வேண்டியிருக்காது!

இன்னும் விரிவான பட்டியல் உத்திரமேரூரில் இருக்கிறது. சோழன் முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் வெட்டப்பட்டவை. குடும்பு என்ற முப்பது ஊர்ப் பிரிவுகளிலும் தகுதியானவர் பெயரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் தெரியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொன்னார்கள். வாரியம் என்றால் குழு; ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், தோட்ட வாரியத்துக்குப் பன்னிரண்டு பேர் என்று ஆள் அமர்த்தினார்கள். ஆனால் ஓலை குடத்துக்குள் போகும் முன்பே சல்லடை போட்டாயிற்று. பிறர் பொருளைத் திருடியவன் பெயர் எழுதப்படாது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவன் பெயரும் எழுதப்படாது. அவனோடு நில்லாமல் அவன் தந்தை, மகன், மாமன், மைத்துனன் எல்லாருக்கும் கதவு அடைப்பு.

நிலமும் வேதமும் உடைய பிராமண ஆண்களுக்குள் நடந்த சல்லடை இது. இதைக் குடவோலை மக்களாட்சி என்று மேடைதோறும் பாடுவது மிகை. உறவினரையும் சேர்த்துத் தள்ளியதில் அநியாயமும் உண்டு. ஆனாலும் அந்தத் தடை, யாரோ ஒருவர் செய்த ஒரு காரியத்திலிருந்து கிளம்பியது. கணக்குக் காட்டவில்லை, அதனால் தள்ளினார்கள்.

ஆயிரம் ஆண்டு கழித்து, சோழவந்தானுக்குத் தெற்கே நாகமலையின் மறுபுறத்தில், வெள்ளைக்கார அரசு இதைத் தலைகீழாக்கியது. செக்கானூரணி, கருமாத்தூர், உசிலம்பட்டி என்று விரியும் பிரமலைக் கள்ளர் நாட்டில் காவல் ஒரு தொழில். ஊரைக் காத்துக் கூலி வாங்குவதும், களவுபோன மாட்டை மீட்டுக் கொடுத்துத் துப்புக்கூலி பெறுவதும் உண்டு. இந்தக் காவலில் மிரட்டலும் கலந்திருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அரசு செய்ததோ, சாதி முழுவதையும் குற்றவாளியாக எழுதியது.

1871இல் வட இந்தியாவில் தொடங்கிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. 1914இல் கீழக்குயில்குடிக் கள்ளர்கள்மேல் பாய்ந்தது. 1918இல் பிரமலைக் கள்ளர் அனைவர்மீதும் விரிந்தது. பதிவேட்டில் பெயர் ஏறும், கைரேகை எடுக்கப்படும். சனங்கள் வைத்த பெயர் ரேகைச் சட்டம். வெளியூர் போக ராதாரிச் சீட்டு வேண்டும். இன்ன சாதியைக் குற்றப் பரம்பரை என்று அரசு அறிவித்தது சரியா என்று எந்த நீதிமன்றமும் கேட்கக் கூடாது என்று சட்டமே தடுத்திருந்தது.

1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தார்கள். போலீஸ் சுட்டது, மாயக்காள் என்ற பெண் உட்படப் பதினாறு பேர் மாண்டார்கள் என்று ஊர் இன்றும் நினைவுநாள் அனுசரிக்கிறது. மதுரையில் வக்கீலாக இருந்த பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் இந்தக் கள்ளர்களுக்காக வழக்காடினார். ரோசாப்பூ துரை என்று அந்தச் சனம் அவரை அழைத்தது. பின்னர் முத்துராமலிங்கத் தேவர் உள்ளிட்டோர் போராட, 1947இல் சென்னை மாகாணத்தில் சட்டம் நீங்கியது. நாடு முழுவதும் நீங்கியது 1952 ஆகஸ்ட் 31இல். சட்டம் நடப்பில் இருந்த காலத்தில் அரசு கள்ளர் சீரமைப்பு என்ற பெயரில் திறந்த பள்ளிகள் மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இன்னும் நடக்கின்றன.

இப்போது சாதியைப் பார்த்து ரேகை எடுப்பதில்லை. ஆளைப் பார்த்து வழக்கைத் தேடுகிறார்கள். அது முன்னேற்றம்தான். ஆனால் தமிழ்நாடு காவல் சார்நிலைப் பணி விதி 14(பி)இன் விளக்கம், சந்தேகத்தின் பலனால் விடுதலையானவரையும் குற்ற வழக்கில் தொடர்புடையவராகவே கொள்கிறது. கோர்ட்டு விடுவித்த ஆளைக் கோப்பு விடுவதில்லை. இந்த விளக்கத்தை அரசு திருத்தத்தான் வேண்டும்.

அதுவரை, விண்ணப்பம் நிரப்பும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. அவதார் சிங் வழக்கில் 2016இல் உச்ச நீதிமன்றம் சொன்னது இதுதான்: வழக்கு விவரத்தை உண்மையாக எழுத வேண்டும், அற்ப வழக்கானால் அதை மன்னித்து வேலை கொடுக்க அதிகாரிக்கு இடமுண்டு, மறைத்தால் அதையே காரணமாக்கி நீக்கவும் முடியும். அதனால் திருவிழா அடிதடிக் கேஸானாலும் விண்ணப்பத்தில் வழக்கு விவரம் கேட்கும் கட்டத்தை வெறுமையாக விடாதீர்கள், எழுதிவிடுங்கள்.