விசைக்கு வெளியே ஒரு விரல்

போர்க்காலத்தில் செய்தி சேகரிக்கச் சென்ற எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. சோதனைச் சாவடியில் அடையாள அட்டையை நீட்டும்போது, சிப்பாயின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னர் அவரது ஆட்காட்டி விரலைப் பார்ப்போம். அது விசையின் மேல் மடிந்திருக்கிறதா, அல்லது துப்பாக்கியின் பக்கவாட்டில் நீண்டு கிடக்கிறதா என்பதே அந்தக் கணத்தில் எங்களுக்குத் தேவையான செய்தி. விரல் வெளியே இருந்தால் மூச்சு சீராகும். அந்த விரலை எங்கே வைப்பது என்பதற்கும் ஒரு வரலாறு உண்டென்பதைப் பிற்காலத்தில்தான் வாசித்து அறிந்தேன்.

தற்காப்புக்காகச் சுடும் பயிற்சி என்று இன்று அழைக்கப்படுவது, பெருமளவுக்கு ஷங்காய் நகரில் உருப்பெற்றது. அந்நகரின் ஒரு பகுதி அப்போது வெளிநாட்டவரின் நிர்வாகத்தில் இருந்தது. அங்கிருந்த மாநகரப் பொலிஸில் 1907இல் சேர்ந்தவர் வில்லியம் ஃபெயர்பேர்ன் என்ற ஆங்கிலேயர். ஆட்கடத்தலும் ஆயுதக் கொள்ளையும் மலிந்திருந்த நகரம் அது. அவரே ஒரு முறை கும்பலொன்றினால் கடுமையாகத் தாக்கப்பட்டவர்.

அக்காலத்துத் துப்பாக்கிப் பயிற்சி வேறு வகையானது. நல்ல வெளிச்சத்தில், நிமிர்ந்து நின்று, கையை முழுதாக நீட்டி, வட்டம் வரைந்த பலகையை நிதானமாகக் குறிபார்த்துச் சுடுவார்கள். ஆனால் பொலிசார் உயிரிழந்ததோ இருண்ட சந்துகளிலும் மாடிப்படிகளிலும், சில அடி தூரத்தில், ஓரிரு விநாடிகளுக்குள். துப்பாக்கியின் குறிகாட்டியைக் கண்ணுக்கு நேரே கொண்டுவர அங்கே அவகாசம் இல்லை.

ஃபெயர்பேர்னும், அமெரிக்கத் துப்பாக்கி நிறுவனங்களின் முகவராக ஷங்காயில் இருந்த எரிக் அந்தனி சைக்ஸும் இந்த முரண்பாட்டை ஆராய்ந்தார்கள். பொலிசார் பயில்வதற்கென இருள் சூழ்ந்த ஒரு வீட்டை அமைத்து, எதிர்பாராத இடங்களில் உருவப் பலகைகள் தோன்றும்படி செய்தார்கள். உடலைச் சற்றுக் குனித்து, துப்பாக்கியை உடலின் நடுக்கோட்டில் பிடித்து, குறிகாட்டியைப் பாராமலே அடுத்தடுத்து இரு ரவைகளைச் சுடுவது அவர்கள் வகுத்த முறை. 1942இல் இருவரும் எழுதிய நூலில், பன்னிரண்டரை ஆண்டுகளில் நிகழ்ந்த 666 ஆயுத மோதல்களின் அனுபவத்தைத் தமக்கு ஆதாரமாகக் காட்டுகிறார்கள்.

அவர்கள் பயிற்சியை மாத்திரம் மாற்றவில்லை, ஆயுதத்தையும் மாற்றினார்கள். பொலிஸ் கைத்துப்பாக்கிகளின் பாதுகாப்புப் பூட்டை ஆணியடித்து இயங்காமற் செய்தார்கள். ஆபத்து வேளையில் பதறும் மனிதன் பூட்டைத் திறக்க மறந்துவிடுவான் என்பது அவர்களின் வாதம். பதிலாக, ரவை அறையைக் காலியாக வைத்து, துப்பாக்கியை உருவும்போதே அதன் மேற்பகுதியைப் பின்னே இழுத்து ரவையை ஏற்றப் பழக்கினார்கள். பாதுகாப்பை இரும்பிலிருந்து எடுத்துக் கையின் பழக்கத்தில் வைத்தார்கள் எனலாம்.

இக்கதையில் வீரத்தை மாத்திரம் காண்போர் ஒரு திகதியை மறந்துவிடக் கூடாது. 1925 மே 30ஆம் திகதி, அதே ஷங்காய் பொலிசார் நான்ஜிங் வீதியில் திரண்டு நின்ற மாணவர்களையும் தொழிலாளரையும் நோக்கிச் சுட்டனர். பலர் உயிரிழந்தனர், சீனா முழுவதும் கொந்தளித்தது. அதன் பின்னரே, கூட்டங்களைச் சமாளிப்பதற்கான தனிப்படையொன்று ஃபெயர்பேர்னின் பொறுப்பில் உருவாக்கப்பட்டது. எப்படிச் சுடுவது என்பதை நுணுகி ஆராய்ந்த பொலிஸ், எப்போது சுடக்கூடாது என்ற பாடத்தைப் பிணங்களின் முன் நின்று கற்க நேர்ந்தது.

இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனுக்குத் திரும்பிய இருவரும் கொமாண்டோ வீரர்களுக்குப் பயிற்சியளித்தனர். போருக்குப் பின் இக்கலையின் மையம் அமெரிக்காவுக்கு நகர்ந்தது. கடற்படைக் காலாளில் அதிகாரியாக இருந்த ஜெஃப் கூப்பர் என்பவர், 1950களின் பிற்பகுதியில் கலிபோர்னியாவின் பிக் பெயர் என்னும் மலைப்பிரதேசத்தில் துப்பாக்கியை விரைந்து உருவிச் சுடும் போட்டிகளை நடத்தினார். பெரும்பாலோர் இடுப்பளவிலிருந்து ஒரு கையால் சுட்டுக்கொண்டிருக்க, ஜக் வீவர் என்ற பொலிஸ் அதிகாரி இரு கைகளாலும் பிடித்து, கண்ணளவுக்கு உயர்த்தி, குறிபார்த்துச் சுட்டு வென்றார். குறிபார்ப்பதற்கு நேரமில்லை என்ற ஷங்காயின் முடிவை அந்த வெற்றி கேள்விக்குள்ளாக்கியது. வேகமாகத் தவறவிடுவதைவிட, சற்றே தாமதித்துக் குறிதவறாமற் சுடுவது மேல் என்று கூப்பர் கண்டார்.

ஆயுதமும் மீண்டும் மாறியது. 1911ஆம் ஆண்டு அமெரிக்க இராணுவம் ஏற்றுக்கொண்ட, ஜோன் பிரவுனிங் வடிவமைத்த கைத்துப்பாக்கியைத் துப்பாக்கித் தச்சர்கள் அராவித் திருத்தினார்கள். மிகச் சிறியதாக இருந்த குறிகாட்டியை அகற்றித் தெளிவாகத் தெரிவதைப் பொருத்தினார்கள். சுத்தியல் கையைக் கடிக்காதிருக்கப் பின்புறத்தை நீட்டினார்கள். விசையின் இறுக்கத்தைச் சீராக்கினார்கள். ஷங்காயில் ஆணியடிக்கப்பட்ட அதே பூட்டை, பெருவிரலுக்கு எட்டும்படி இவர்கள் பெரிதாக்கினார்கள். ஆமன்ட் சுவென்சன் என்ற தச்சர், இடக்கையாலும் திறக்கும்படி அதைத் துப்பாக்கியின் இருபுறமும் அமைத்துப் புகழ்பெற்றார். ரவை அறை நிறைந்திருக்க, பூட்டு பூட்டியிருக்கும் நிலையே கூப்பரின் பரிந்துரை. கேள்வி ஒன்றே, விடைகள் நேரெதிர். ஆயினும், பயிற்சியில்லாதவனை எந்தப் பூட்டும் காப்பாற்றாது என்பதில் இரு தரப்புக்கும் கருத்து வேறுபாடில்லை.

1976இல் கூப்பர் அரிசோனாவில் தம் பயிற்சிப் பள்ளியை நிறுவினார். அதே ஆண்டு தொடங்கிய சர்வதேசச் சுடுபோட்டிச் சம்மேளனத்துக்கும் அவரே முதல் தலைவரானார். ஆனால் போட்டி வளர வளர, இடுப்பில் அணிந்து திரிய முடியாத, வெற்றிக்காக மாத்திரம் மாற்றியமைக்கப்பட்ட துப்பாக்கிகள் பெருகின. அன்றாடம் அணியும் துப்பாக்கிக்கு மீள வேண்டும் என்று கருதியோர் 1996இல் வேறொரு சங்கத்தைத் தொடங்கினர். உயிர்காக்கும் கருவி விளையாட்டுப் பொருளாகவும் வணிகப் பண்டமாகவும் மாறியதன் சான்று இது.

கூப்பர் 2006இல் காலமானார். அவரது இரு கைப் பிடி இன்று பல வகையாக மாறிவிட்டது. மாறாது நிலைத்திருப்பவை அவர் வலியுறுத்திய நான்கு விதிகளே: எந்தத் துப்பாக்கியையும் நிரப்பப்பட்டதாகவே கருது, அழிக்க விரும்பாத எதன்மீதும் அதை நீட்டாதே, குறி இலக்கில் படியும்வரை விரலை விசைக்கு வெளியே வை, இலக்கையும் அதன் பின்னால் உள்ளதையும் அறிந்துகொள். அவற்றுள் மூன்றாவதை வாசித்தபோது என் மனம் சோதனைச் சாவடிக்கே திரும்பியது.

பயிற்சி கைக்குக் கற்பிப்பதையே, அச்சம் மேலிடும் கணத்தில் கை செய்யும். சுடுவதை மட்டும் பயின்ற கை சுடும். பொறுப்பதையும் பயின்ற கை பொறுக்கும். இரவில் பேருந்தைவிட்டு இறங்கி வரிசையில் நின்ற எங்களுக்கும் ஆயுதம் தாங்கிய ஓர் அந்நிய இளைஞருக்கும் இடையில் இருந்த பாதுகாப்பு, அவரது விரலுக்கும் விசைக்கும் இடைப்பட்ட அந்த ஓரங்குல வெளிதான். அந்த வெளியை அவருக்குக் கற்பித்த பயிற்றுநர் யாராயினும், அவருக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.