மின்சாரம் ஓடும் மை

மின்கடத்தும் பூச்சு வானொலிக்கு முந்தியது. மெழுகு போன்ற மின்கடத்தாப் பொருளில் எடுத்த அச்சின் மேல் கிராஃபைட் தூளைத் தேய்த்துவிட்டால், மின்பகுப்பு முறையில் அதன்மீது செம்பைப் படியவைக்கலாம் என்று 1840இல் இங்கிலாந்தில் ராபர்ட் மரே காட்டினார். நாணயங்களுக்கும் பதக்கங்களுக்கும் வீட்டிலேயே செம்பு நகல் எடுப்பது அக்காலத்தில் ஒரு பொழுதுபோக்காகவே பரவியது.

தூளை மையாக்க ஒரு தடை இருந்தது. கிராஃபைட் தண்ணீரில் நிற்காது, அடியில் தங்கிவிடும். அமெரிக்கரான எட்வர்ட் ஆச்சிசன் 1906 வாக்கில் நுண்ணிய கிராஃபைட்டுடன் டானின் சேர்த்துப் பார்த்தார். துகள்கள் படியாமல் நீரில் பரவி நின்றன. இப்படிப் பிறந்த ‘அக்வாடாக்’ பின்னாளில் தொலைக்காட்சிப் படக்குழாய்களின் கண்ணாடிமேல் கரும்பூச்சாக ஏறியது.

வானொலி ஆர்வலர்களுக்கு இவ்வளவுகூடத் தேவைப்படவில்லை, பென்சிலே போதுமாயிருந்தது. வால்வின் கிரிட்டில் சேரும் மின்னூட்டத்தை மெல்ல வடியவிட மெகாஓம் அளவில் ஒரு மின்தடை வேண்டும். 1920களில் அதைக் கடையில் வாங்காமல், இரண்டு திருகுகளுக்கிடையே அட்டைத் துண்டு ஒன்றை வைத்து அதில் பென்சிலாலோ இந்திய மையாலோ கோடு போட்டுக்கொண்டவர்கள் பலர். கோடு தடித்தால் தடை குறையும். ரப்பரால் தேய்த்தால் கூடும். ஹெட்ஃபோனில் ஒலி தெளியும்வரை கோட்டைத் திருத்தலாம். கரிப்பூச்சின் இயல்பை முதலில் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் இவர்களே எனலாம்: அது நல்ல கம்பி அல்ல, நல்ல மின்தடை.

கம்பியின் வேலையைச் செய்தது வெள்ளிப்பூச்சு. இரண்டாம் உலகப் போரின்போது இலக்கை நெருங்கியதும் மார்ட்டர் குண்டை வெடிக்கவைக்கும் அண்மை வெடிதூண்டியில் மிகச் சிறிய வானொலிச் சுற்று அடங்கவேண்டியிருந்தது. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமும் மில்வாக்கியின் சென்ட்ராலாப் நிறுவனமும் பீங்கான் தகட்டில் வெள்ளி மையை அச்சிட்டுச் சூளையில் சுட்டுக் கம்பிகளாக்கின. மின்தடைகளைக் கரிமையால் அச்சிட்டன. போர் முடிந்தபின் 1947இல் தர நிறுவனம் இம்முறைகளை விளக்கி ஒரு கையேடு வெளியிட்டது. தூரிகையால் தீட்டுவதும் அதில் ஒரு முறை.

ஆனால் மின்சுற்றுப் பலகைகளில் வென்றது செம்புத் தகட்டை ரசாயனத்தால் அரிக்கும் முறைதான். செம்பு மலிவு, அதில் சால்டரும் எளிதாகப் பிடிக்கும். பூச்சு பழுதுபார்ப்பவர்களின் கைக்குப் போனது. அறுந்த தடத்தை இணைக்கவும், கார்ப் பின்கண்ணாடியின் சூடேற்றும் கோட்டைச் சரிசெய்யவும், ரிமோட் பொத்தான்களின் தேய்ந்த கரிப்பரப்பைப் புதுப்பிக்கவும் சிறு புட்டிகளில் விற்றது. மின்கிதார் செய்பவர்கள் கிதாரின் உட்குழிவில் இதைப் பூசி இரைச்சலைத் தடுத்தார்கள்.

2009இல் லண்டன் ராயல் கலைக்கல்லூரி மாணவர்கள் தொடங்கிய ‘பேர் கண்டக்டிவ்’ நிறுவனத்தின் நீர்க்கரைசல் கரிமை, பூச்சை மீண்டும் பொழுதுபோக்காளர்களின் மேசைக்குக் கொண்டுவந்தது. இந்த மை உலர உலரத் துகள்கள் நெருங்கித் தொட்டுக்கொள்வதால் தடை குறையும். ஈரமாக இருக்கும்போது அளந்தால் கணக்குத் தவறும். நன்றாக உலர்ந்த பிறகும், சதுரமாகத் தீட்டிய மெல்லிய பூச்சின் தடை பத்துக்கணக்கான ஓம்களில் இருக்கும். கோடு நீண்டால் எல்.இ.டி. மங்கும், மோட்டார் சுழலாது. தொடு உணரிக்கு அந்தத் தடை பொருட்டல்ல, அங்கே ஓடும் மின்னோட்டம் மிகச் சிறியது. அதனால்தான் சுவரில் தீட்டிய படத்தைத் தொட்டால் விளக்கெரியும், இசை ஒலிக்கும் வேலைகளில் இன்று இந்தப் பூச்சு அதிகம் பயன்படுகிறது.