தோற்றுப்போன ஸ்பீக்கர்!

1978-ல் ஜப்பானின் யமஹா கம்பெனி ஒரு குட்டி ஸ்பீக்கரை மார்க்கெட்டில் இறக்கியது. பெயர் என்.எஸ்.10. வடிவமைத்தவர் அகிரா நகமுரா. கறுப்புப் பெட்டி. அதில் வெள்ளை வெளேரென்று ஒரு காகிதக் கூம்பு. வீட்டு அலமாரியில் புத்தகங்களுக்குப் பக்கத்தில் வைத்துப் பாட்டு கேட்பதற்கான சாமான் அது. ஸ்டுடியோவை மனதில் வைத்து யாரும் அதைச் செய்யவில்லை.

கேட்டவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். பேஸ் போதவில்லை, உச்ச ஸ்தாயி காதைக் குத்துகிறது என்று புகார். வீட்டு ஸ்பீக்கராக அதன் கதை அநேகமாக அங்கேயே முடிந்துவிட்டது.

ஆனால், 80-களில் உலகத்தின் பெரிய பெரிய ஒலிப்பதிவுக் கூடங்களில் மிக்ஸிங் மேஜை மீது எங்கே பார்த்தாலும் அந்த வெள்ளைக் கூம்புதான்! எப்படி நடந்தது இது?

அதுவரை ஸ்டுடியோக்களில் சுவரிலேயே பதித்த பிரமாண்டமான ஸ்பீக்கர்கள் இருக்கும். ஒரே ஸ்டுடியோவில் மாசச் சம்பளத்துக்கு வேலை பார்த்த இன்ஜினீயருக்கு அதில் பிரச்னை இல்லை. அந்த அறையின் குணம் அவருக்கு அத்துப்படி. 70-களில் மேல்நாட்டில் இந்த இன்ஜினீயர்கள் ஃப்ரீலான்ஸாக மாற ஆரம்பித்தார்கள். இன்றைக்கு இந்த ஸ்டுடியோ, நாளைக்கு இன்னொன்று. ஒவ்வொரு அறையும் ஒவ்வொரு விதமாகப் பொய் சொல்லும். எதை நம்புவது?

ஆறு கிலோ எடையுள்ள இந்தச் சின்னப் பெட்டியைக் கையோடு தூக்கிக்கொண்டு போகலாம். முகத்துக்கு மூன்று, நான்கடி தூரத்தில் வைத்தால், சுவரில் பட்டுத் திரும்பும் சத்தத்தைவிட ஸ்பீக்கரிலிருந்து நேராக வருகிற சத்தம் ஓங்கி நிற்கும். அறையின் பொய் பாதி அடங்கிவிடும். அமெரிக்க இன்ஜினீயர் பாப் கிளியர்மவுண்டன் இதை வைத்து வேலை செய்து ஹிட் மேல் ஹிட் கொடுக்க, மற்றவர்களும் வாங்கினார்கள். உச்ச ஸ்தாயியின் குத்தலைக் குறைக்க அவர் ட்வீட்டர் மீது டிஷ்யூ பேப்பரை ஒட்டிய சமாச்சாரம் பிரசித்தம். ஊரே காப்பியடித்தது! 1987-ல் யமஹாவே அந்தக் குத்தலைத் தணித்து, பெயரில் 'ஸ்டுடியோ' என்று சேர்த்து ஒரு மாடல் கொண்டுவந்தது.

2001-ல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள், முப்பதுக்கும் மேற்பட்ட ஸ்பீக்கர்களோடு இதையும் வைத்துச் சோதித்தார்கள். சத்தம் நின்றதும் 'டக்'கென்று தானும் நிற்பதில் என்.எஸ்.10 கெட்டிக்காரன் என்று தெரிந்தது. அதே வருஷம் யமஹா அதன் தயாரிப்பை நிறுத்தியது. கூம்புக்கான காகிதக் கூழ் கிடைக்கவில்லையாம்.

நம்ம ஊருக்கு வருவோம். கோடம்பாக்கத்தில் ஒலிப்பதிவு என்றாலே பிரசாத், ஏவி.எம். போன்ற பெரிய கூடங்கள்தான் என்றிருந்த காலம். 1989-ல் ஏ.ஆர்.ரஹ்மான் தன் வீட்டுக் கொல்லையில் 'பஞ்சதன் ரெக்கார்டு இன்' என்ற ஸ்டுடியோவைத் தொடங்கினார். 1992-ல் 'ரோஜா' வந்தது. வீட்டோடு ஸ்டுடியோ என்பது தமிழ்நாட்டு இளைஞர்களின் கனவாகிப்போனது. பிறகு கம்ப்யூட்டர் மலிய மலிய, பழனிக்குப் பக்கத்தில் தொப்பம்பட்டி மாதிரி ஊரில் இருக்கும் பையனுக்கும் அது எட்டுகிற கனவாகிவிட்டது.

ஆனால், ரஹ்மானுடையது ஸ்டுடியோவாகவே கட்டப்பட்டது. பையனுடையது படுக்கிற அறை. பத்துக்குப் பத்து, உயரமும் பத்து. கான்கிரீட் கூரை, சிமென்ட் பூச்சு, மொசைக் தரை. ஒலி விநாடிக்குச் சுமார் 1,130 அடி ஓடும். பத்தடி இடைவெளியில் நிற்கும் இரண்டு சுவர்களுக்கு நடுவே 56 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு அடி ஸ்தாயிச் சத்தம் மாட்டிக்கொள்ளும். பேஸ் கிடாரும் டிரம்மும் புழங்குகிற இடம் அது. நீளம், அகலம், உயரம் மூன்றுமே பத்து என்றால் மூன்று திசையிலும் அதே சத்தம்தான் மாட்டும். சுவரோரம் அது வீங்கும், நட்டநடு அறையில் காணாமலே போகும்.

விளைவு? நடு அறையில் உட்கார்ந்த பையன் பேஸ் பற்றவில்லை என்று ஏற்றிவிடுவான். அந்தப் பாட்டை நண்பனின் காரில் போட்டால் கதவு அதிரும். கடன் வாங்கி வாங்கிய ஸ்பீக்கர் மட்டம் என்று நினைத்து, இன்னும் விலை கூடியதைத் தேடுவான். பாவம், ஸ்பீக்கர் என்ன செய்யும்?

சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டுகிறார்களே, அது வீண் வேலை. உச்ச ஸ்தாயியைக் கொஞ்சம் தின்னும், பேஸைத் தொடக்கூடத் தொடாது. காசு செலவழிக்காமல் செய்யக்கூடியது இடம் மாற்றுவதுதான். ஸ்பீக்கரை மூலையில் வைக்கக் கூடாது, பேஸ் ஊதிவிடும். செவ்வக அறை என்றால் நீளவாக்கில் பார்க்கும்படி வைக்க வேண்டும். இடது, வலது சுவர்கள் ஒரே தூரத்தில் இருக்கட்டும். இரண்டு ஸ்பீக்கர், ஒரு தலை, மூன்றும் சமபக்க முக்கோணம். ட்வீட்டர் காது மட்டத்துக்கு வர வேண்டும். நாற்காலி நட்டநடுவில் வேண்டாம், முன்னே பின்னே அரையடி அரையடியாக நகர்த்திக் கேட்டால் பேஸ் ஒழுங்காகிற ஓரிடம் அகப்படும். பக்கச் சுவரில் தம்பியைக் கண்ணாடி பிடித்து நகரச் சொல்லுங்கள். உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணாடியில் ஸ்பீக்கர் எங்கே தெரிகிறதோ, அங்கே ஒரு பஞ்சு மெத்தையைச் சாய்த்து வைக்கலாம்.

அதற்கப்புறம்தான் நிஜமான வேலை. நூறு தடவை கேட்டு மனப்பாடமான நாலைந்து பாட்டுகளை அதே ஸ்பீக்கரில், அதே இடத்தில், சத்தத்தைக் குறைவாக வைத்து வாரக்கணக்கில் கேட்க வேண்டும். தராசு ஐம்பது கிராம் குறைத்துக் காட்டும் என்று தெரிந்த கடைக்காரர், தராசைத் தூக்கி எறிவதில்லை. மனதுக்குள் கூட்டிக்கொள்வார். நான் படித்த பி.காம். கணக்குக்கு எட்டியவரை, என்.எஸ்.10-ஐ வைத்து இன்ஜினீயர்கள் செய்ததும் இதைத்தான். அதன் குறை எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவ்வளவுதான்.

இன்னொரு காதிலும் கேட்டுப் பார்ப்பார்கள். 'ஆரடோன்' என்று கைக்கு அடக்கமான, ஒற்றைக் கூம்பு டப்பா ஒன்று உண்டு. மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' (1982) ஆல்பத்தைப் பதிவு செய்த புரூஸ் ஸ்வீடியன் அதைப் பெரிதும் நம்பினார். பேஸ் இல்லாத டப்பாவில் குரலும் தாளமும் எடுபடுகிறதா என்று பார்க்கத்தான். தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போகிற வழியெல்லாம் சவுண்ட் சர்வீஸ்காரர் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் பேஸ் சுத்தமாக வராது. தொப்பம்பட்டிப் பையன் முருகன் பாட்டு மிக்ஸ் பண்ணினால், கடைசியில் அது ஒலிக்கப்போவது அதில்தான்.