யானை இழுத்த விமானம்

புத்தளத்திலிருந்து கொழும்பு நோக்கிச் செல்லும் பெருந்தெருவில் பாலாவிச் சந்தி இருக்கிறது. அங்கிருந்து மேற்கே திரும்பும் வீதி நுரைச்சோலை வழியாகக் கற்பிட்டிக்குச் செல்கிறது. வெயிலில் கண்ணைக் கூச வைக்கும் உப்பளங்கள், தென்னந்தோட்டங்கள், களப்பு, அதற்கப்பால் கடல்: இதுவே அந்நிலத்தின் தோற்றம். பாலாவியில் இன்று இலங்கை விமானப்படையின் முகாம் ஒன்று உள்ளது. அம்முகாமை முதலில் அமைத்தவர்கள் நாமல்லர். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டிஷார் அமைத்தார்கள். 1943ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் கடற்படை அதனைப் பொறுப்பேற்று, நிலத்து முகாமுக்கும் கப்பலைப் போலப் பெயர் வைக்கும் தன் வழக்கப்படி, 'ராஜாளிய' என்று பெயர் சூட்டியது. நம் ராஜாளிப் பறவையின் சிங்களப் பெயர் அது.

அந்த முகாமில் 1944ஆம் ஆண்டு எடுக்கப்பட்ட புகைப்படங்கள் சில இன்றும் உள்ளன. அமெரிக்கத் தயாரிப்பான 'கோர்சேர்' போர் விமானம் ஒன்றை யானை ஒன்று கயிறு கட்டி இழுக்கிறது. அருகே பாகன் நிற்கிறான். அந்த விமானத்தின் எந்திரம் 2000 குதிரை வலுவுடையது. மணிக்கு 400 மைலுக்கு மேல் பறக்க வல்லது. ஆனால் புத்தளத்துச் சேற்றில் சக்கரம் புதைந்தபோது அந்த 2000 குதிரைகளும் பயன்படவில்லை. நாட்டு யானை ஒன்று வந்துதான் அதனை மீட்க வேண்டியிருந்தது.

இதனைச் சிரிப்பதற்காக மட்டும் நான் சொல்லவில்லை. ஒரு போர் விமானத்தின் விலை எவ்வளவு, அதன் வல்லமை எவ்வளவு என்ற விவாதம் இன்று உலகமெங்கும் நடக்கிறது. ராடாருக்குப் புலப்படாத விமானங்களைக் கட்டும் போட்டியில் வல்லரசுகள் கோடி கோடியாகக் கொட்டுகின்றன. அந்த விவாதத்தில் நம்மைப் போன்ற சிறு நாட்டு மக்களுக்கும் பங்குண்டு. ஏனெனில் அதன் வரலாற்றில் ஓர் அத்தியாயம் நம் கரையிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

விமான வல்லமை வீண் என்று எடுத்த எடுப்பில் தீர்ப்புக் கூறுவது நேர்மையாகாது. 1942 ஏப்ரல் 5ஆம் திகதி, ஈஸ்டர் ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஜப்பானியக் கடற்படை நெருங்குவதைக் கனேடிய விமானி பேர்ச்சல் முதல் நாளே கண்டு செய்தி அனுப்பியிருந்தார். அப்படியிருந்தும், தாக்குதல் தொடங்கும் வேளையில் இரத்மலானை விமானத் தளத்துக்கு எச்சரிக்கை வந்து சேரவில்லை. அதே காலையில் திருகோணமலையிலிருந்து வந்துகொண்டிருந்த ஆறு 'சுவோர்ட்பிஷ்' விமானங்கள் ஜப்பானியரின் 'சீரோ' விமானங்களிடம் அகப்பட்டு ஆறும் வீழ்ந்தன. அவை துணி போர்த்திய, இரட்டைச் சிறகுடைய பழைய விமானங்கள். நான்கு நாட்களின் பின் 'ஹேர்மிஸ்' என்ற விமானந்தாங்கிக் கப்பல், தன் மேல்தளத்தில் ஒரு விமானமும் இல்லாத நிலையில், மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. பகைவன் வருவதைக் காணாதவனும், கண்டும் எதிர்க்கக் கருவியற்றவனும் அழிவார்கள் என்ற பாடத்தை அந்த ஏப்ரல் மாதம் கற்பித்தது. புத்தளத்தில் 'ராஜாளிய' தோன்றியது அந்தப் பாடத்துக்குப் பின்னரே.

ஆனால் அந்தப் பாடத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கோர்சேர் விமானங்கள் அமெரிக்காவிடமிருந்து கடன்-குத்தகை ஏற்பாட்டில் வந்தவை. போர் முடிந்ததும் அவற்றைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், அல்லது விலை கொடுக்க வேண்டும். திருப்பி வாங்க அமெரிக்காவுக்கு விருப்பமில்லை. விலை கொடுக்கப் பிரிட்டனுக்கு வசதியில்லை. ஆகவே, நல்ல நிலையிலிருந்த விமானங்களையே கப்பல்களில் ஏற்றி ஆஸ்திரேலியக் கரைக்கப்பாலுள்ள கடலில் தள்ளிவிட்டார்கள். தொழிலாளர்களின் பல்லாயிரம் மணி நேர உழைப்பு கடலடிக்குச் சென்றது. அதே போர்க்காலத்தில் பர்மிய அரிசி நின்றுபோய், இலங்கை மக்கள் பங்கீட்டு அரிசிக்குக் காத்து நின்றார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

1951இல் நமக்கென்று ஒரு விமானப்படை தோன்றியது. 1957இல் கட்டுநாயக்காவும் திருகோணமலையும் பிரிட்டிஷாரின் கையிலிருந்து மீண்டன. நாட்டின் தன்மானத்துக்கு அது பெருமை தந்த நாள். ஆனால் விமானங்கள் எந்நாளும் வெளியிலிருந்தே வந்தன: முதலில் பிரிட்டனிலிருந்து, 1971இன் கிளர்ச்சியின்போது சோவியத் நாட்டிலிருந்து, 1996இல் இஸ்ரேலிலிருந்து 'கிபிர்', 2000இல் உக்ரேனிலிருந்து 'மிக் 27'. 2006இல் மீண்டும் வாங்கிய மிக் விமானங்களின் விலையும், பணம் சென்ற வழியும் பத்திரிகைகளில் பெரும் சர்ச்சையாகி நீதிமன்றம் வரை சென்றதை வாசகர்கள் அறிவார்கள்.

இந்த விமானங்களின் வல்லமை யார்மீது செலுத்தப்பட்டது? அந்நிய நாட்டு விமானம் எதனோடும் அவை பொருதவில்லை. வடக்கிலும் கிழக்கிலும் சொந்த நாட்டு மண்ணின்மீதே குண்டு பொழிந்தன. வன்னியில் 'கிபிர்' என்பது ஒரு விமானத்தின் பெயராக இருக்கவில்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு பதுங்குகுழிக்கு ஓட வேண்டிய வேளையின் பெயராக இருந்தது.

விலைக்கும் வல்லமைக்கும் உள்ள இடைவெளியையும் அந்தப் போர் காட்டிற்று. 2001 ஜூலை 24ஆம் திகதி கட்டுநாயக்காவில் புலிகள் நடத்திய தாக்குதலில் இரண்டு கிபிர், ஒரு மிக் 27 உள்ளிட்ட எட்டுப் படை விமானங்கள் தரையிலேயே அழிந்தன. வானில் மின்னல் வேகத்தில் செல்லும் விமானமும் தரையில் நிற்கும்போது ஒரு தகரக் கொட்டகையை விட வலியதன்று. 2007 மார்ச் 26ஆம் திகதி அதிகாலையில் அதே தளத்தின்மீது புலிகளின் சிறு விமானங்கள் குண்டு வீசித் திரும்பின. அவை செக் நாட்டில் செய்யப்பட்ட, நான்கு இருக்கைகள் கொண்ட, விசிறி எந்திர 'ஸ்லின்' விமானங்கள். பேரொலியோடு பாயும் ஜெட் விமானங்களுக்கு அந்த மெல்லப் பறக்கும் சிறு விமானங்களைக் கண்டுபிடித்து அடிப்பது எளிதாக இருக்கவில்லை. அதற்கென்றே 2008இல் சீனாவிலிருந்து 'எஃப் 7' விமானங்கள் வாங்க வேண்டியதாயிற்று. 2009 பெப்ரவரி 20ஆம் திகதி இரவு அச்சிறு விமானங்கள் இரண்டு வீழ்ந்தன. ஆனால் அவற்றில் ஒன்று கொழும்பின் நடுவே இறைவரித் திணைக்களக் கட்டடத்தில் மோதிய பின்னரே வீழ்ந்தது. வல்லமை என்பது விமானத்தினுள் மட்டும் இருக்கும் பொருளன்று. எதிரே நிற்பது எது என்பதையும் பொறுத்தது என்பதை இந்நிகழ்ச்சிகள் காட்டுகின்றன.

இனி, புலப்படா விமானங்களுக்கு வருவோம். ராடார் அனுப்பும் அலை ஒரு பொருளில் பட்டு மீண்டு வருவதைக் கொண்டே அப்பொருள் கண்டறியப்படுகிறது. அலை அனுப்பியவனிடமே திரும்பாதபடி உடலைச் சரிவும் முனையுமாக வடிவமைத்து, அலையை உறிஞ்சும் பூச்சைப் பூசி, குண்டுகளை வயிற்றுக்குள்ளே மறைத்து வைத்தால், விமானம் மிக அருகில் வரும்வரை ராடாருக்குத் தெரியாது. முற்றிலும் மறைந்துவிடுவதில்லை, நீண்ட அலைவரிசை ராடார்கள் அதன் நடமாட்டத்தை ஓரளவு உணர முடியும். இதற்கு அடிப்படையான கணிதத்தை வகுத்தவர் சோவியத் அறிஞர் பியோத்தர் உஃபிம்ற்சேவ். அலைகள் விளிம்புகளில் எவ்வாறு சிதறுகின்றன என்று ஆராய்ந்து அவர் 1962இல் வெளியிட்ட நூலை அவர் நாடு பொருட்படுத்தவில்லை. அமெரிக்க விமானப்படை அதனை மொழிபெயர்த்தது; அதைப் படித்த அமெரிக்கப் பொறியியலாளர்கள் 'எஃப் 117' விமானத்தைக் கட்டினார்கள். அறிவுக்கு எல்லையில்லை என்பதற்கு இது சான்று. அந்த அறிவை எவன் எதற்குப் பயன்படுத்துகிறான் என்பதே எக்காலத்தும் கேள்வி.

அந்த எஃப் 117 விமானங்களில் ஒன்று 1999 மார்ச் 27ஆம் திகதி செர்பிய வானில் வீழ்த்தப்பட்டது. வீழ்த்தியது 1960களில் சோவியத் நாட்டில் வடிவமைக்கப்பட்ட ஏவுகணை. பின்னர் வந்த 'எஃப் 22' விமானத்தில் 750 வாங்குவதென்று தொடங்கினார்கள், 187உடன் நிறுத்திக்கொண்டார்கள். செலவு சுமார் 6700 கோடி டொலர். ஈராக்கிலும் ஆப்கானிஸ்தானிலும் அமெரிக்கா போர் செய்துகொண்டிருந்த ஆண்டுகளில் பெரும்பகுதியில் அந்த விமானம் அங்கே போருக்குச் செல்லவில்லை. 2023 பெப்ரவரியில் அது முதன்முதலாக வானில் ஓர் எதிரியைச் சுட்டு வீழ்த்தியது. அந்த எதிரி ஒரு சீனப் பலூன்!

இன்று விற்பனையில் முன்னிற்பது 'எஃப் 35'. ஒன்றின் விலை 8 கோடி டொலருக்கு மேல். ஆனால் வாங்கும் விலை செலவின் தொடக்கமே. அமெரிக்க அரசின் கணக்காய்வு அலுவலகம் 2024இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இத்திட்டத்தின் முழுக் காலச் செலவு 2 இலட்சம் கோடி டொலரைத் தாண்டும், அதில் 1.58 இலட்சம் கோடி பராமரிப்புக்கும் இயக்கத்துக்கும் மட்டும். 2023 மார்ச்சில் அவ்விமானங்களில் பணிக்குச் செல்லத்தக்க நிலையில் இருந்தவை 55 சதவீதமே என்று அதே அலுவலகம் கணக்கிட்டது. பிரிட்டனிலோ, தங்கள் விமானங்களின் முழுச் செலவு 5700 கோடி பவுண் என்று பாதுகாப்பு அமைச்சு கூறியிருக்க, 7100 கோடி ஆகும் என்று 2025 ஜூலையில் தேசியக் கணக்காய்வு அலுவலகம் எடுத்துக் காட்டிற்று.

இந்த விமானங்களுக்காக வாதாடுவோருக்கும் ஒரு நியாயம் உண்டு. பகைவன் காணுமுன் தான் காண்பவன் உயிர் தப்புகிறான். 1942இல் மாண்ட சுவோர்ட்பிஷ் விமானிகளுக்கு அந்த வாய்ப்புக் கிட்டவில்லை. வலிய அண்டை நாடுகளுக்கிடையே வாழும் அரசு, விமானப்படையைக் கைவிட முடியாது. இந்தியா இதற்காகவே ரஷ்யாவோடு கூட்டாகப் புலப்படா விமானம் செய்ய முயன்று, 2018இல் அதிலிருந்து விலகி, 2024இல் சொந்த விமானத்தின் மாதிரிகளுக்கு 15,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. சொந்த அறிவால், சொந்தத் தொழிற்சாலையில் செய்வதற்கும், சாவியை விற்பவன் கையில் விட்டு வாங்குவதற்கும் வேற்றுமை பெரிது. அதனை நாம் மறுக்கவில்லை.

ஆயினும் ஒரு காட்சியை நினைவூட்ட வேண்டும். 2025 ஜூன் 14ஆம் திகதி பிரிட்டிஷ் விமானந்தாங்கிக் கப்பலைச் சேர்ந்த எஃப் 35 விமானம் ஒன்று திருவனந்தபுரத்தில் அவசரமாகத் தரையிறங்கியது. பின்னர் அதில் பழுது கண்டது. பருவமழை பெய்துகொண்டிருந்தது. நாட்கள் வாரங்களாயின. பிரிட்டனிலிருந்து பொறியியலாளர் குழு வந்து, ஜூலை 6ஆம் திகதி அதனைக் கொட்டகைக்குள் இழுத்துச் சென்றது. ஜூலை 22ஆம் திகதியே அது பறந்தது. ராடாருக்குத் தெரியாத விமானத்தை, விமான நிலைய வேலிக்கு வெளியே நின்று மக்கள் வேடிக்கை பார்த்தார்கள். மன்னார் வளைகுடாவைக் கடந்தால், திருவனந்தபுரத்துக்கும் புத்தளத்துக்கும் இடைத்தூரம் முன்னூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். எண்பத்தோராண்டு இடைவெளியில், அதே கடற்படையின் அருமையான விமானம் அதே மழைநாட்டு மண்ணில் அசையாது நின்றது. ஒரு வேற்றுமை உண்டு: 1944இல் உள்ளூர் யானையும் பாகனும் உதவ முடிந்தது. 2025இல் உள்ளூர்ப் பொறியியலாளரால் பழுது பார்க்க முடியவில்லை. அந்த எந்திரத்தின் இரகசியம் அதன் சொந்தக்காரரிடம் மட்டுமே இருந்தது.

புத்தளத்துக்கு மீள்வோம். பாலாவியிலிருந்து கற்பிட்டிக்குப் போகும் வழியில் நுரைச்சோலை அனல் மின் நிலையம் நிற்கிறது. சீனக் கடனில் கட்டிய அதன் முதற்கட்டத்துக்கு 45.5 கோடி டொலர் செலவாயிற்று. 300 மெகாவாட் மின்சாரம் கிடைத்தது. அதன் கடன் சுமையையும் நிலக்கரிச் சாம்பலையும் குறித்து அவ்வூர் மக்களுக்கு நியாயமான குறைகள் உண்டு. ஆனாலும் அப்பணத்துக்கு எஃப் 35 ஆறு கூட வாங்க முடியாது. அவை ஒரு வீட்டு விளக்கையும் எரிக்கப் போவதில்லை. இதே கரைக்குத்தான் 1990 ஒக்டோபரில் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் பல்லாயிரவர் வந்து சேர்ந்தார்கள். கிடுகுக் குடிசைகளில், குடிதண்ணீருக்கும் கிணற்றுக்கும் தவித்து, ஒரு தலைமுறையே அங்கு வளர்ந்தது. வடக்கே குண்டுக்கு அஞ்சியவர்களுக்கும் இங்கே குடிசையில் வாடியவர்களுக்கும் அந்த விமானங்கள் எந்தப் பாதுகாப்பையும் தரவில்லை.

2021 ஜூனில் ஐந்து கிபிர் விமானங்களைப் புதுப்பிக்க 5 கோடி டொலருக்கு ஒப்பந்தம் செய்யப்பட்டது. பத்து மாதங்களில், 2022 ஏப்ரல் 12ஆம் திகதி, வெளிநாட்டுக் கடனைச் செலுத்த முடியாது என்று நாடு அறிவித்தது. அந்த ஒப்பந்தத்தால் மட்டும் நாடு முறியவில்லை. அப்படிச் சொல்வது மிகை. ஆனால் மண்ணெண்ணெய் இல்லாமல் மீனவரின் வள்ளங்கள் கரையில் கிடந்த அந்நாட்களில், இந்தச் செலவைப் பற்றிப் பாராளுமன்றத்துக்கு வெளியே எத்தனை பேர் பேசினோம்?

இங்கேதான் ஆசிரியருக்கும் மாணவருக்கும் ஒரு கடமை இருக்கிறது. அடுத்த முறை எந்த அரசேனும் ஒரு போர் விமானத்தை வாங்கப் போவதாக அறிவித்தால், அதன் வேகத்தையும் அழகையும் வியப்பதோடு நில்லாது மூன்று கேள்விகளைக் கேட்போம். இது யாருக்கு எதிராக? வாங்கும் விலையன்றி, அதன் வாழ்நாள் முழுவதற்கும் ஆகும் செலவு என்ன? பழுதானால் திருத்தும் உரிமையும் அறிவும் யார் கையில்? இக்கேள்விகளுக்கு விடை கணக்குப் புத்தகத்திலும் வரலாற்றுப் புத்தகத்திலும் இருக்கின்றன. வகுப்பறையில் அவற்றைத் திறந்து வைக்கும்போது, பாலாவியில் யானை இழுத்த அந்த விமானத்தின் படத்தையும் மாணவருக்குக் காட்டுங்கள்.